காத்திருக்கிறதும் ஒரு பட்டம்தாம்லே

ஏலே பேராண்டி, செத்த இப்படி உக்காரு. அந்த போனைக் கவுத்திப் போடு. பிரான்சு தேசத்து ராசா கதை என்னமோ சீரியலா ஓடுதாம், நீ சோறு தண்ணி இல்லாம பாக்கியாம், உங்க ஆச்சி சொன்னா. அதுல மூச்சுக்கு மூச்சு ‘தோஃபான்’, ‘தோஃபான்’னு ஒரு பயலக் கூப்பிடுதாவளே, அது யாரு தாத்தான்னு கேட்டியாமே. கேட்டவன் ஓடிராத. சொல்லுதேன்.

அப்பன் ராசா. அவனுக்கு மூத்த பய ஒருத்தன். அப்பன் எப்ப கண்ண மூடுவான், நம்ம எப்ப அந்த நாற்காலியில ஏறுவோம்னு இருக்கிறவன். அந்தக் காத்திருக்கிற சோலிக்குப் பேருதான் தோஃபான். அவனக் கட்டிக்கிட்டவ தோஃபீன். நம்ம ஊருல எப்படா திண்ணை காலியாகும்னு பாத்துக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன மரியாதையோ, அதே சோலிதான். அங்க அதுக்குக் கொடி, குதிரை, படி அளக்க ஆளு, முன்னால கட்டியம் கூற ஒருத்தன். 1349ல ஆரம்பிச்சு 1830 வரைக்கும், நடுவுல கொஞ்ச காலம் அறுந்து போனதத் தவிர, இந்த உத்தியோகம் ஓடியிருக்கு.

இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்ங்கியா? புஸ்தகம்னு ஒண்ணு உண்டும்லே. தாளுல இருக்கும். சார்ஜ் போட வேண்டாம்.

பிரான்சுக்குத் தென்கிழக்கால ஆல்ப்ஸ் மலைப் பக்கம் கிரெனோபிள்னு ஒரு ஊரு. அந்த வட்டாரத்த ஆல்போன் ஜமீன் ஆண்டுது. அதுல நாலாம் கீக்னு ஒருத்தரு, 1142ல செத்துப்போனவரு. அவருக்கு இன்னொரு பேரு தோஃபான். தூத்துக்குடிப் பக்கம் ஓங்கில்னு சொல்லுதது, நீங்க டால்பின்ங்கியோ, அந்தப் பேரு. எதுக்கு வச்சாவன்னு ஆளுக்கொரு கதை சொல்லுதாவ, விடு. மகன், பேரன்னு அந்தப் பேர வச்சுக்கிட்டு வந்ததுல, நாளாவட்டத்துல பேரே பட்டமாயிட்டு. நாட்டுக்கும் தோஃபினேன்னு ஆகிப்போச்சு. கொடியிலயும் ஒரு ஓங்கில வரைஞ்சுக்கிட்டாவ. பனி மலை, ஆட்டு மந்தை, பாறை. கடல் எங்கேயோ கிடக்கு. அந்தக் கொடியப் பாத்து ஒரு இடையனாவது சிரிச்சிருக்க மாட்டான்?

அந்த வீட்டுப் பொண்ண ஓவெர்ன் ஜமீனுக்குக் கட்டிக் குடுத்தாவ. பொண்ணு போன வீட்டு வாரிசும் ‘நானும் தோஃபான்’னு போட்டுக்கிட்டான். சீர்வரிசையில பட்டமும் போயிருக்கும் போல. ஒரே நேரத்துல ரெண்டு தோஃபான், ரெண்டு ஓங்கில்.

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலயே பிடிச்சவன் இவன்தான். இரண்டாம் உம்பேர். 1333ல அண்ணன்காரன் ஒரு கோட்டை முற்றுகையில சாக, இவன் கைக்கு நாடு வந்துது. அதுவரைக்கும் இவன் நேப்பிள்ஸ் அரண்மனைப் பக்கம் பழகினவன். அங்க பாத்த ஆடம்பரத்த மலைக்காட்டுக்குக் கொண்டாந்தான். வரும்படி மலைக்காட்டு வரும்படி, செலவு நேப்பிள்ஸ் செலவு. வெளங்குமா?

1339ல போப்பாண்டவருகிட்டப் போயி, ‘சாமி, என் நாட்ட வாங்கிக்கிடுதியளா’ன்னு கேட்டான். அவரு லேசுப்பட்ட ஆளா? ஆளு அனுப்பினாரு. கோட்டை எத்தனை, குடி எத்தனை, எந்த ஊருல என்ன வரின்னு எழுதிக்கொண்டாரச் சொன்னாரு. எழுதினதப் படிச்சாரு. வேண்டாம்னுட்டாரு. வாங்குதவன் அப்படித்தாம்லே இருக்கணும். நீ அன்னைக்கு ஒரு பழைய பைக்க, பளபளன்னு இருக்குன்னு மட்டும் பாத்து வாங்கிட்டு வந்தியே.

அவனுக்கு இருந்தது ஒரே பய, ஆந்த்ரே. 1335ல குழந்தையிலயே போயிட்டான். அப்பன் கையில இருந்து சன்னல் வழியாத் தவறி ஈசேர் ஆத்துல விழுந்தான்னு அந்தப் பக்கம் ஒரு கதை உலாத்துது. கதைதான். புள்ள போனது நெசம். வாரிசு கிடையாது, கடன் கழுத்து மட்டும். 1343ல பிரான்சு ராசா ஆறாம் பிலிப்போட பேச்சுவார்த்தை தொடங்குச்சு. பேச்சு நடந்துக்கிட்டு இருக்கும்போதே, சிலுவைப் போருக்கு நாந்தான் தளபதின்னு 1345ல கப்பல் ஏறி ஸ்மிர்னா வரைக்கும் போனான். பெருசா ஒண்ணும் கிழிக்கல. கூடப்போன பொண்டாட்டி ரோட்ஸ் தீவுல கண்ண மூடிட்டா. திரும்பி வந்தான். கடன் இன்னும் கூடிக் கிடந்துது.

1349ல ரொமான்ங்கிற ஊருல பத்திரம் முடிஞ்சுது. வாங்கினது ராசாவோட பேரன் சார்ல், பதினோரு வயசுப் பய. லியோன்ல சபை கூட்டி, பழைய வாளு, செயின்ட் ஜார்ஜ் கொடி, செங்கோலு, மோதிரம்னு ஒவ்வொண்ணா அந்தப் பய கையில எடுத்துக் குடுத்தான் உம்பேர். அந்த வாளு பயலவிட உசரமா இருந்திருக்கும். அன்னையில இருந்துதான் பிரான்சு ராசாவோட மூத்த பய தோஃபான். பட்டத்துக்குக் கிரயப் பத்திரம் உண்டுங்கிறது இப்ப தெரியுதா? தேவலோகத்துல இருந்து இறங்கினது இல்ல. கடன்காரன் வித்தது.

ஆனா வித்தவன் கூறுகெட்டவன் இல்ல, பாத்துக்க. கைமாத்துததுக்கு முன்னால, குடிசனத்துக்கு இன்னின்ன உரிமை உண்டு, அத யாரு வந்தாலும் தொடக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டுத்தான் குடுத்தான். கிரெனோபிள்ல 1339லயே ஒரு பல்கலைக்கழகம் வேற தொடங்கி வச்சான். பொறவு சாமியாராப் போயிட்டான், டொமினிக்கன் சபையில. சும்மா இருக்க விட்டாவளா? அலெக்சாந்திரியாவுக்குப் பேட்ரியார்க்குன்னு போப்பாண்டவரு ஒரு பட்டத்தத் தூக்கிக் குடுத்தாரு. அந்த ஊருல போயி உக்காரவும் வேண்டாம், ஆளவும் வேண்டாம். காடு கரையோட இருந்த பட்டத்த வித்தவனுக்கு, காடு கரை இல்லாத பட்டம்.

வாங்கின வீட்டுக்காரங்க என்ன பண்ணினாவ? பேர எடுத்து மாட்டிக்கிட்டாவ. அம்புட்டுத்தான். அந்த நிலம் சட்டப்படி அப்ப பிரான்சுக்குள்ளயே கிடையாது, செர்மன் பக்கத்துப் பேரரசுக்குக் கீழ இருந்துது. பிரான்சோட அடுத்த ராசாவுக்குப் பட்டம் பக்கத்து வீட்டு நிலத்துல. அதுலயும் முக்காவாசிப் பயலுவ அந்த மலையில நாலு நாள் படுத்து எந்திரிச்சவன் கூடக் கிடையாது.

ஒரு ஆளுக்குப் பட்டம் பெருசா, காரியம் பெருசான்னு கேட்டா, படிச்சவன் ரெண்டு பக்கமும் பேசுவான். காட்டுல வேலை செய்யுதவளுக்கு அந்தக் குழப்பம் வராது. ஜான் தார்க் தெரியும்லா? தொம்ரெமிங்கிற பட்டிக்காட்டுப் பொண்ணு. 1429ல பதினேழு வயசு இருக்கும். ராசா செத்து ஏழு வருஷமாச்சு. மகன் சார்ல் ‘நாந்தான் ராசா’ங்கான். இங்கிலீஷ்காரன் ‘நீ இல்ல, எங்க பயதான்’ங்கான். இவன் அப்பன் ஆத்தாளே 1420ல துருவாவுல கையெழுத்துப் போட்டு இவன ஒதுக்கி வச்சிருந்தாவ. சுத்தி நின்ன பெரிய மனுசங்கல்லாம் வாய் நிறைய ‘ராசா, ராசா’ங்கும்போது, இந்தப் பொண்ணு ஷினோன் கோட்டைக்குப் போயி அவன என்னன்னு கூப்பிட்டா? ‘தோஃபான்’. ரேன்ஸ் கோயில்ல எண்ணெய் வச்சு முடி சூட்டுத வரைக்கும் நீ காத்திருக்கிற ஆளுதான், எந்திரி, கெளம்புன்னு இழுத்துக்கிட்டுப் போனா. 1429 சூலை 17ல முடி சூட்டி வச்சுட்டுத்தான் ராசான்னு கூப்பிட்டா. பந்தி போடுததுக்கு முன்னால எவனாவது ஏப்பம் விடுவானா?

அந்த சார்ல் பெத்த பய லூயி. இவன் ஒருத்தன்தான் உண்டான தோஃபான். ‘வீட்டுல ரொம்பத் துள்ளுதான், அந்த மலைப் பக்கம் போயிக் கிடக்கட்டும்’னு 1447ல அப்பன் அனுப்பி வச்சாரு. போன பய அழுதுக்கிட்டா கிடந்தான்? நாட்ட நெசமாவே ஆண்டான். 1452ல வலான்ஸ்ல பல்கலைக்கழகம், 1453ல கிரெனோபிள்ல பெரிய நீதிமன்றம். அப்பனக் கேக்காமலே சவாய் வீட்டுப் பொண்ணக் கட்டிக்கிட்டான். கடைசியில அப்பன் படையோட வாராருன்னு தெரிஞ்சதும் 1456ல பர்கண்டி பிரபுகிட்ட ஓடிட்டான். பர்கண்டிக்காரன் நரிக்குச் சோறு போட்டு வளக்கான், அது ஒருநாள் அவன் கோழியத் திங்கும்னு அப்பன் சொன்னதாச் சொல்லுவாவ. 1461ல பய ராசாவானான், பதினொண்ணாம் லூயி. கோழி எல்லாம் போச்சு.

இவனுக்குப் பொறவு வந்ததெல்லாம் பெரும்பாலும் அரண்மனையிலயே உக்காந்து காத்திருந்த உருப்படிதான். அதுல தலைப்பிள்ளை, பதினாலாம் லூயியோட பய. 1661ல பொறந்தான். ‘பெரிய தோஃபான்’னே பேரு. பயலப் படிக்க வைக்க ஊருல உள்ள அறிவாளியப் பூராவும் கூட்டியாந்தாவ. பொசுயேங்கிற பெரிய பாதிரியாரு வாத்தியாரு. மோந்தோசியே பிரபு காவலு. அவரு பிரம்புக்கு ஓய்வே கிடையாது. ஊயேன்னு ஒரு பண்டிதரு மேற்பார்வையில, லத்தீன் புஸ்தகம் அறுபதுக்கு மேல, இந்த ஒரு பய படிக்கிறதுக்குன்னு குறிப்பு எழுதி அச்சுப் போட்டாவ. ‘தோஃபானின் உபயோகத்துக்கு’ன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கும்.

அதுல ஒரு வேடிக்கை கேளு. சின்னப் பய படிக்கக் கூடாத சங்கதியெல்லாம் வெட்டணும்லா? மார்ஷியல்னு ஒரு ரோமாபுரிப் புலவரு, வாய் கொஞ்சம் நீளம். அவரு பாட்டுல ஆபாசமா இருந்ததெல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டாவ. எடுத்து என்ன செஞ்சாவ? தூரப் போட மனசு வரல. எல்லாத்தையும் சேத்து புஸ்தகத்துக் கடைசியில ஒரே இடமா அச்சுப் போட்டுட்டாவ. வேற என்ன வேணும் பயலுவளுக்கு? நீயா இருந்தா எந்தப் பக்கத்துல இருந்து தொடங்கியிருப்ப? சிரிக்காதலே, உன் மூஞ்சியே சொல்லுது.

இம்புட்டும் படிச்சு அந்தப் பய என்ன ஆனான்? ஓநாய் வேட்டைக்குப் போனான். நல்லாச் சாப்பிட்டான். படம் வாங்கி மாட்டினான். அவன் மகன் பிலிப் 1700ல ஸ்பெயினுக்கே ராசாவாயிட்டான். அப்பன் ராசா, மகன் ராசா, நடுவுல இவன் மட்டும் நாப்பத்தொம்பது வருஷம் காத்துக் கிடந்தான். 1711 ஏப்ரல் 14ல மெதோன் மாளிகையில அம்மை கண்டு போய்ச் சேந்தான். அப்பன் குத்துக்கல்லாட்டம் இருந்தாரு.

அடுத்து நடந்ததுதான் நான் சொல்ல வந்த சங்கதி. பட்டம் பேரன் பர்கண்டி பிரபுக்குப் போச்சு. 1712 பிப்ரவரி 12ல அவன் பொண்டாட்டி தட்டம்மையில செத்தா. ஆறே நாளு, 18ல அவனும் செத்தான். பட்டம் அவன் மகனுக்கு, அஞ்சு வயசுக் குழந்தை. அதுக்கும் அதே அம்மை. அரசாங்க வைத்தியருவ கூட்டமா வந்தாவ. தலைப்பா, அங்கி, கத்தி, கிண்ணம். காய்ச்சலா? கீறு, ரத்தத்த எடு. இறங்கலியா? இன்னும் எடு. மார்ச் 8ல அந்தக் குழந்தையும் போயிட்டு. பதினோரு மாசத்துக்குள்ள மூணு தோஃபான் பாடையில.

மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வயசு. அதுக்கும் உடம்பு பூராப் பொரிஞ்சு கிடக்கு. வைத்தியருவ கத்தியத் தீட்டிக்கிட்டு அடுத்த அறைக்கு வாராவ. அங்க வாந்ததூர் சீமாட்டின்னு ஒரு கிழவி. புள்ளைய வளக்கிற பொறுப்பு அவளுக்கு. வைத்தியம் படிச்சவ இல்ல. நடந்ததப் பாத்தா. கீறின புள்ள செத்துட்டு. அப்ப கீறாம இருந்துதான் பாப்பமே! கதவச் சாத்திப்புட்டா. வைத்தியரு ஒருத்தன் உள்ள வரக் கூடாது. கத கதன்னு மூடி, மடியில போட்டு வச்சுக்கிட்டா. புள்ள பிழைச்சுக்கிட்டு. பதினஞ்சாம் லூயின்னு 1774 வரைக்கும் உசுரோட இருந்தது அந்தப் புள்ளதான். வளந்த பொறவும் அவள அம்மான்னுதான் கூப்பிடுவான்.

பிரான்சு தேசத்துல படிச்ச வைத்தியன் எத்தனை பேரு, பட்டம் வாங்கினவன் எத்தனை பேரு! ஒரு ராசகுலத்தக் காப்பாத்தினது ஒரு தாழ்ப்பாள்.

சரி, அந்தப் பேரு எந்த மண்ணுல முளைச்சுதோ, அந்த மண்ணு சும்மா இருந்துதான்னு கேளு. 1788 சூன் 7. கிரெனோபிள்ல ராசா பட்டாளம் இறங்குது, அங்க உள்ள நீதிபதிமாருவள ஊர விட்டு வெரட்டணும்னு உத்தரவு. சந்தையில காய் விக்கிற பொம்பளையாளுவ வண்டிய மறிச்சாவ. ஆம்பளையாளுவ கூரையில ஏறி ஓட்டப் பிரிச்சு பட்டாளத்து மண்டையில எறிஞ்சாவ. இன்னைக்கும் அதுக்கு ‘ஓடுகள் நாள்’னே பேரு. அங்க படைத் தலைவரு கிளெர்மோன்-தொன்னேர் பிரபுன்னு ஒருத்தரு. அவரு மாளிகைக்குள்ளயே சனம் புகுந்துட்டு. அடுத்த மாசம் 21ல, பக்கத்துல விசீல் கோட்டையில கூடி, நாட்டு மன்றத்தக் கூட்டுன்னு ராசாவுக்கே ஓலை விட்டாவ. பாரீஸ்ல பாஸ்தீய் இடிஞ்சது மறு வருஷம்தான். தோஃபான் பேருக்குச் சொந்தமான ஊருதான் தோஃபான் வீட்டு ஓட்ட முதல்ல பிரிச்சுது.

பொறவு நடந்தத நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேன். பதினாறாம் லூயிக்கு மூத்த பய 1789 சூன் 4ல ஏழு வயசுல செத்தான். பட்டம் தம்பி லூயி-சார்லுக்கு வந்துது, நாலு வயசு. 1792ல குடும்பத்தோட தாம்ப்ள் கோட்டையில அடைச்சாவ. அப்பன் தலை போச்சு, ஆத்தா தலை போச்சு. புள்ளைய இருட்டறையில தனியாப் போட்டு, 1795 சூன் 8ல பத்து வயசுல செத்துப்போச்சு. அது என்ன பாவம் பண்ணிச்சு? வயத்துல பொறந்த வரிசை ஒண்ணுதான்.

உடம்ப அறுத்துப் பாத்த பெல்தான்ங்கிற வைத்தியரு, யாருக்கும் தெரியாம அதோட இருதயத்தக் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டு வந்துட்டாரு. சாராயத்துல போட்டு வச்சாரு. சாராயம் வத்திப்போச்சு, இருதயம் காஞ்சுபோச்சு. அவருகிட்டப் படிச்ச ஒரு பய அதத் திருடினான். அவன் செத்ததும் பொண்டாட்டி கொண்டாந்து குடுத்தா. 1830 கலவரத்துல அது இருந்த கண்ணாடிப் பாத்திரம் நொறுங்கி, கண்ணாடித் துண்டுக்குள்ள கிடந்தத வைத்தியரு மகன் தேடிப் பொறுக்கினான். எங்கெங்கயோ சுத்தி, கடைசியில 2000ல மரபணுச் சோதனை வச்சு, ஆத்தா மாரி அன்துவானெத் வீட்டுத் தலைமயிரோட ஒத்துப் பாத்து, ஆமா இது அந்த வம்சம்தான்னாவ. 2004 சூன் 8ல சான்-தெனி கோயில்ல அடக்கம் பண்ணினாவ.

புள்ள சாகல, தப்பிச்சுட்டுன்னு ஊரு பூரா வதந்தி இருந்துதுல்லா? அதுக்குள்ள வேலையத்தவன் பூராம் ‘நாந்தான் அந்தத் தோஃபான்’னு கெளம்பிட்டான். தையக்காரன் மகன் ஒருத்தன், கட்டைச் செருப்பு செய்யுதவன் மகன் ஒருத்தன். அமெரிக்காவுல, செவ்விந்தியர் மத்தியில வளந்த ஒரு பாதிரியாரு கூட 1850கள்ல ‘நாந்தான்’னு நின்னாரு. இதுல ஜெகஜ்ஜாலன் நவுண்டோர்ஃப். செர்மனியில கடிகாரம் ரிப்பேர் பாத்தவன், கள்ளக் காசு கேசுல செயிலுக்கும் போனவன். 1833ல பாரீஸுக்கு வந்து உரிமை கேட்டான். கொஞ்ச நாள் பாத்துட்டு இங்கிலாந்துக்கு நாடு கடத்திட்டாவ. அங்க போயி வெடிகுண்டு கண்டுபிடிச்சான். 1845ல ஒல்லாந்துல தெல்ஃப்ட் ஊருல செத்தான். கல்லறையில என்ன எழுதியிருக்கு? பதினேழாம் லூயி. கடிகாரத்த ஒழுங்கா ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்திருந்தா நாலு பேருக்கு நேரமாவது தெரிஞ்சிருக்கும். மார்க் ட்வைன் தன்னோட ஹக்கிள்பெரி ஃபின் கதையில இப்படி ஒரு கிழட்டு ஏமாத்துக்காரன மிசிசிப்பி ஆத்துப் படகுல ஏத்தி விட்டிருக்காரு, கிடைச்சாப் படி.

கடைசித் தோஃபான் அங்குலேம் பிரபு. செத்த அந்தப் பயலோட அக்காதான் இவனுக்குப் பொண்டாட்டி. 1830 ஆகஸ்டு 2, ராம்புயே மாளிகை. பாரீஸ்ல கலகம். அப்பன் பத்தாம் சார்ல், முடியத் துறக்கேன்னு கையெழுத்துப் போட்டாரு. அடுத்த கையெழுத்து இவன் போடணும். பேனாவ வச்சுக்கிட்டு இருபது நிமிசம் உக்காந்திருந்தான்னு சொல்லுதாவ. அந்த இருபது நிமிசம் இவன் பத்தொம்பதாம் லூயின்னு கணக்குப் பண்ணுதவனும் இருக்கான். ஆயுசு பூராக் காத்திருந்து கிடைச்சது ஒரு காப்பி குடிக்கிற நேரம். அதுலயும் பொண்டாட்டி பக்கத்துல நின்னு என்ன சொல்லியிருப்பாளோ, சாமிக்குத்தான் வெளிச்சம். போட்டுட்டான். பட்டம் அன்னையோட காலி.

பேரச் சுமந்த மனுசன் பாடு இப்படி. பேரச் சுமந்த ஊரு பாடு தேவலை. அதுலயும் கூத்து உண்டு. மடகாஸ்கர் தீவுல 1643ல பிரெஞ்சுக்காரன் கோட்டை கட்டி ஃபோர்-தோஃபான்னு வச்சான். குழந்தை தோஃபானப் பெருமைப்படுத்தணும்லா? அந்தக் குழந்தை அதே வருஷம் மே மாசமே பதினாலாம் லூயின்னு ராசாவாயிட்டு. பொறவு முழுத் தீவுக்குமே தோஃபீன் தீவுன்னு பேர மாத்திப் பாத்தாவ. தீவு ஒத்துக்கல. 1674ல அந்த மக்களோட மோதல் முத்தி, வெட்டுக்குத்தாகி, மிச்சம் இருந்தவன் கப்பலேறி ஓடிட்டான்.

அமெரிக்காவுல அலபாமா கரையில ஒரு தீவு. 1699ல இபெர்வீல்ங்கிறவன் கப்பல்ல வந்து இறங்கினா, மணல்ல குவியல் குவியலா மனுச எலும்பு. ‘படுகொலைத் தீவு’ன்னு பேரு வச்சுட்டான். உண்மையில அது கொலையும் இல்ல ஒண்ணும் இல்ல, புயல்ல உடைஞ்ச பழைய இடுகாட்டு மேடு. குடியேற வாங்கய்யான்னு ஆளக் கூப்பிட்டா, படுகொலைத் தீவுல எவன் மனை வாங்குவான்? பேர மாத்தினாவ. டாஃபின் தீவு. இப்ப நம்ம ரியல் எஸ்டேட்காரன் சுடுகாட்டுக்குப் பக்கத்துல பிளாட்டு போட்டு ‘கிரீன் பேரடைஸ்’ங்கானே, அவனுக்குப் பாட்டன் முந்நூறு வருஷத்துக்கு முந்தியே இருந்திருக்கான். பேரு மாறினதுக்காகப் புயல் வராம இருக்குமா? 1717ல அடிச்ச புயல் துறைமுக வாயில மணலக் கொட்டி அடைச்சுட்டுப் போயிட்டு.

பென்சில்வேனியாவுல ஒரு மாவட்டத்துக்கு 1785ல டாஃபின்னு வச்சாவ. சுதந்திரப் போருக்குப் பிரான்சு உதவினதுக்கு நன்றி. ராசாவ இப்பத்தான் வெரட்டியிருக்காவ, உடனே இன்னொரு ராசாவோட மூணு வயசுப் புள்ள பேர வைக்கிறாவ. 1979ல அணு உலை விபத்து நடந்துதே, மூணு மைல் தீவு, அது அந்த மாவட்டத்துலதான் இருக்கு.

கனடாவுல மனிடோபா மாகாணத்துலயும் ஒரு டாஃபின் இருக்கு. சுத்துவட்டாரத்துல கோதுமைக் காடு, குடியேறின உக்ரைன்காரங்க நெறையப் பேரு. 1974ல இருந்து 79 வரைக்கும் அரசாங்கம் அந்த ஊருல ஒரு சோதனை பண்ணிச்சு. வரும்படி ஒரு அளவுக்குக் கீழ போன வீட்டுக்கு மாசாமாசம் பணம். பட்டம் வேண்டாம், பரம்பரை வேண்டாம், அப்பன் சாக வேண்டாம். சனம் சோம்பேறியாப் போயிரும்னு பெரிய மனுசங்க பயந்தாவ. அப்படி ஒண்ணும் ஊரு படுத்துரல. ஆஸ்பத்திரிக்குப் போறவுங்க எண்ணிக்கை 8.5 சதவீதம் குறைஞ்சிருந்துதுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு, பெட்டி பெட்டியாக் கிடந்த காயிதத்தத் தூசி தட்டி ஒரு அம்மா கணக்குப் போட்டுச் சொன்னாவ. அந்தப் பேருல உருப்படியா நடந்த காரியம்னு என்னக் கேட்டா இதச் சொல்லுவேன்.

பாரீஸ்ல ஒரு முக்கோண மைதானத்துக்கும் பக்கத்துத் தெருவுக்கும் 1607ல தோஃபீன்னு வச்சாவ. புரட்சியில பேர மாத்தினாவ. ராசா திரும்பினதும் மறுபடி மாத்தினாவ. மைல்கல்லுல பெயிண்டு அடிக்கிறவனுக்கு எல்லா ஆட்சியிலயும் பிழைப்பு.

இப்ப ராசா இல்ல. பேரு மட்டும் சீரழியுது. ரெனோ கம்பெனிக்காரன் முந்தின காரு விற்பனையில ராணி, அடுத்தது இளவரசிதானேன்னு 1956ல ஒரு சின்னக் காருக்குத் தோஃபீன்னு வச்சான். இருபது லட்சத்துக்கு மேல ஓடுச்சு. அமெரிக்காக்காரன் ஆசையா வாங்கினான், துருப்பிடிக்குன்னு திட்டித் தீத்தான். அழகிப் போட்டியில ரெண்டாவதா வந்த பொண்ணுக்குத் தோஃபீன்னுதான் பேரு. அவ மூத்தவ வழுக்கி விழுந்தா முடி நமக்குன்னு சிரிச்சுக்கிட்டே நிக்கணும். கட்சித் தலைவருக்கு அடுத்து வரப்போறவனுக்கும் பத்திரிகைக்காரன் தோஃபான்னுதான் எழுதுதான். தலைவரு இருமினாப் போதும், இவன் கண்ணு மின்னும்.

இன்னமும் ரெண்டு வீட்டுக்காரங்க, ‘எங்க பயதான் நெசமான தோஃபான்’னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காவ. இல்லாத சிங்காசனத்துக்குப் பக்கத்துல நிக்கிற இல்லாத நாற்காலி யாருக்குங்கிறது வழக்கு. ரெண்டு பக்கமும் வெள்ளிப் பொத்தான் வச்ச கோட்டுப் போட்டு ஆதரவாளருவ உண்டு. நீ அதுல எந்தக் கட்சின்னு யோசிக்காத, உனக்குச் சோலி இருக்கு.

சொந்தமான தோஃபினேக்காரங்க இதப்பத்தி என்ன நெனைக்காவன்னு கேக்கியா? அவுங்களுக்கு வேற சண்டை. ஓடுகள் நாள்ல மாளிகையப் பறிகொடுத்தாரே கிளெர்மோன்-தொன்னேர் பிரபு, அவரு அடுத்த மாசமே, 1788 சூலை 12ல, காப் ஊரு அதிகாரிகளுக்கு விருந்து வச்சாரு. ஓடு விழுந்த தலை, கொஞ்சம் சமாதானம் பண்ணணும்லா. அந்த விருந்துல ஓர்தோலான்ங்கிற சின்னக் குருவிக் கறியோட உருளைக்கிழங்கு வச்சிருந்தாவ. ‘தோஃபினே கிராத்தான்’ங்கிற பேரு எழுத்துல வந்தது அன்னைக்குத்தான் முதல்ல. கிழங்க வட்டவட்டமா மெலிசா அரிஞ்சு, பாத்திரத்துல பூண்டத் தேச்சு, பாலும் ஆடையும் ஊத்தி, அடுப்புல மெல்ல வேக வைக்கிறது. இப்ப உலகம் பூரா ஓட்டல்ல அதுக்கு மேல சீஸத் துருவிப் போடுதான். அந்த ஊருக் கிழவிமாரு அதுக்குத்தான் வெட்டருவாளத் தூக்குதாவ: சீஸு போட்டா அது எங்க கிராத்தானே இல்ல. அவுங்க சொல்லுதது சரிதான்னு எனக்குப் படுது. சீஸுக்குப் பதிலா பூண்டு ரெண்டு பல்லு கூடப் போடலாம். எங்க, உங்க ஆச்சிகிட்ட அந்தக் கிழங்கு மூட்டையக் கேட்டு வாங்கிட்டு வா, பாப்போம்.